முதுசெல்லா, ஓய்செல்லா?

ஐயா, வணக்கம்.

பிரிந்து பெருகுவதை நிரந்தரமாக நிறுத்திவிட்டும் சாகாமல் இருக்கும் செல்லை ஆங்கிலத்தில் senescent cell என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த 'முதுசெல்' காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. முதுமை ஆளுக்கு வருவது. இந்தச் செல்லோ இருபது வயதுப் பெண்ணின் கன்னத்து மச்சத்திலும் இருக்கிறது. நிறமிச் செல் ஒன்றில் மரபணு பிறழ்ந்து, அது கட்டுமீறிப் பெருகத் தொடங்குகிறது. ஓரளவு பெருகியதும் உள்ளிருந்தே தடை விழுந்து நின்றுவிடுகிறது. அந்தத் தடை, புற்றுக்கு எதிராக உடல் போடும் அணை. அதைக் கிழம் என்று சொல்லிக்கொடுத்தால் படிக்கும் பிள்ளை முதல் வரியிலேயே தடம் மாறும்.

'உறங்குசெல்' என்று அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். உறங்கியது விழிக்கும். தேவை வரும்வரை பிரியாமல் காத்திருக்கும் செல்கள் தனியே இருக்கின்றன. அச்சொல் அவற்றுக்கு உரியது. 'முற்றல் செல்' எனக்கே முதலில் பிடித்திருந்தது. ஆனால் 'புற்றுநோய் முற்றிவிட்டது' என்ற பேச்சைக் கேட்டுக் கலங்கிய குடும்பங்களை நினைத்துக் கைவிட்டேன்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், படுகையில் எங்கள் வாழைக்கொல்லை. தார் வெட்டிய மரத்தை அப்பா உடனே சாய்க்க மாட்டார். சாறு பக்கக்கன்றுக்கு இறங்கட்டும் என்பார். ஒரு வருடம் கவனிக்காமல் விட்டுவிட்டோம். தண்டில் துளை துளையாகப் பழுப்புப் பிசின் வடிந்தது. அரிவாளால் பிளந்தபோது, செந்தலையும் வெள்ளுடலுமாகக் கூன்வண்டின் புழுக்கள் நெளிந்தன. பக்கத்து மரங்களிலும் அதே பிசின். தார் வெட்டிய மரம் இனி ஈனாது. ஆனால் சும்மாவும் நிற்காது.

இந்தச் செல்லும் அப்படியே. ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்கள் ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்தபின் நின்றுவிடுவதை 1961-இல் ஹேஃபிளிக், மூர்ஹெட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். நின்ற செல் சாவதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்களையும், திசுவின் பின்னலைக் கரைக்கும் நொதிகளையும் சுரந்துகொண்டே இருக்கிறது. புண் ஆற அந்தச் சுரப்பு உதவுகிறது. வேலை முடிந்ததும் நோயெதிர்ப்புச் செல்கள் அந்தச் செல்லை அகற்றிவிட வேண்டும். வயதாக ஆக அகற்றும் வேகம் குறைகிறது, திசுவில் அவை தேங்குகின்றன. இத்தகைய செல்களின் அருகில், புற்றாகும் போக்குள்ள செல்கள் விரைந்து பெருகுவதை ஆய்வாளர் ஜூடித் காம்பிசியின் குழு 2001-இல் காட்டியது. இயல்பான செல்களை அவை அவ்வாறு தூண்டவில்லை. அணையாக நின்றதே அண்டையில் இருப்பதைத் தூண்டிவிடுகிறது.

'ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லாமல்' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதில் இரண்டும் தனித்தனியாக நிற்பதைக் கவனியுங்கள். இந்தச் செல் ஓய்ந்தது, ஒழியவில்லை. ஆகவே என் பரிந்துரை 'ஓய்செல்'. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. நிகழ்வுக்குச் 'செல் ஓய்ச்சல்'. 'ஓய்வு' என்றால் இளைப்பாறல் என்று படிப்பார்கள். இந்தச் செல் கசியவிடுவது 'ஓய்செல் சுரப்பு'. ஓய்செல்களை மட்டும் தேடி அழிக்கும் மருந்துகளை இப்போது சோதித்து வருகிறார்கள். அவற்றுக்கு 'ஓய்செல் ஒழிப்பி'.

'உயிரணு' என்றே எழுத வேண்டும் என்பவர்களுக்கு 'ஓயுயிரணு' வாயில் நிற்காது என்பது உண்மை. எங்கள் ஊரில் செல் என்றால் கதவை அரிக்கும் கறையானும்தான். அந்தக் குழப்பத்துக்கு உங்களிடம் வழி இருந்தால் எழுதுங்கள், ஐயா.