செட்டிநாட்டில் நம் மண்ணின் விலங்குகளுக்கு ஒரு பூங்கா: தேவையா, வீண் ஆசையா?

கானாடுகாத்தான்:

மகள் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது, சர்ரே மாவட்டத்தில் லிங்ஃபீல்டு பக்கம் உள்ள பிரிட்டிஷ் வைல்ட்லைஃப் சென்டருக்கு அழைத்துப் போனார்கள். சிங்கம், புலி, ஒட்டகச்சிவிங்கி எதுவும் அங்கே கிடையாது. நரி, நீர்நாய், முள்ளெலி, ஆந்தை, பேட்ஜர் என அந்த நாட்டு மண்ணுக்கு உரியவை மட்டும்தான். டேவிட் மில்ஸ் என்ற பால்பண்ணைக்காரர் மாடுகளைக் கைவிட்டு, 1997-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம்.

என்னை அசரவைத்தது செவ்வணில் அடைப்பு. வலைக்கு வெளியே நின்று பார்ப்பதல்ல. நாமே உள்ளே நடந்து போகலாம். உள்ளே மரங்கள், மரத்துக்கு மரம் கயிறு. கைப்பிடிக் கட்டையில் நான் கை வைத்திருக்க, ஒன்று அதே கட்டையில் ஓடிவந்து, என் விரலுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து ஹேசல் கொட்டையைத் திருப்பித் திருப்பிக் கடித்தது. ஓடு சரிபாதியாகப் பிளந்து கீழே விழுந்தது. காதில் குஞ்சம், வால் உடம்பைவிட வெளிறிய நிறம். அங்கிருந்த பிள்ளைகள் ஒன்றுகூடக் கத்தவில்லை.

இதே போல ஒன்று காரைக்குடி வட்டாரத்தில் ஏன் கூடாது? முள்ளெலி, தேவாங்கு, அழுங்கு என்கிற எறும்புத்தின்னி, உடும்பு, நட்சத்திர ஆமை, நடுவில் நடந்து போகும்படி ஓர் அணில் அடைப்பு. வருகிற சுற்றுலாக்காரர்கள் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் படம் எடுத்து, கோழி வறுவல் சாப்பிட்டு, மறுநாளே கிளம்பிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ பென்குயின் தெரிகிறது, அழுங்கு தெரியவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, அணிலைப் பார்க்க டிக்கெட்டா? எங்கள் வளவுக்கு வாருங்கள், இலவசமாகவே காட்டுகிறேன். முற்றத்தில் வற்றல் காயப்போட்டால் பாதிதான் எங்களுக்கு. பட்டாலையில் கிடக்கும் பழைய மெத்தையைக் கிழித்துப் பஞ்சை வாய் நிறையத் திணித்துக்கொண்டு ஓட்டுச் சந்தில் ஏறி, அங்கேயே குட்டியும் போட்டுவிடுகிறது. அதைப் பிடித்து வலைக்குள் விட்டு, "நடந்துபோய்ப் பாருங்கள்" என்று பலகை வைத்தால் ஊர் சிரிக்கும். இங்கிலாந்தில் இருப்பதையெல்லாம் இறக்குமதி செய்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

தேவகோட்டை மாட்டு டாக்டர் (ஓய்வு):

ஆச்சி சிரிப்பது நியாயம்தான். ஆனால் அங்கே அந்த அடைப்பு ஏன் வந்தது என்பதைக் கானாடுகாத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

வட அமெரிக்காவின் சாம்பல் அணிலை அழகுக்காகக் கொண்டுவந்து, 1876-இல் செஷர் மாவட்டத்தில் ஒரு பண்ணையார் தோட்டத்தில் விட்டார்கள். பிறகு மற்ற பெரிய தோட்டக்காரர்களுக்கும் அந்த மோகம் தொற்றிக்கொண்டது. சாம்பல் அணில் உருவில் பெரியது. ஓக் மரக் காயைப் பழுக்கும் முன்பே தின்று செரித்துவிடும்; செவ்வணிலால் அது முடியாது. அதைவிடக் கேடு, அணில் அம்மை வைரஸ். சாம்பல் அணில் அதைச் சுமந்து திரியும், அதற்கு ஒன்றும் ஆகாது. செவ்வணிலுக்குத் தொற்றினால் கண், வாய், விரல் எல்லாம் புண்ணாகி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் செத்துப்போகும். இன்று தென் இங்கிலாந்தில் காட்டுச் செவ்வணிலைப் பார்க்க வைட் தீவு, பிரவுன்சீ தீவு போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். சர்ரேயில் ஒன்றுகூட இல்லை.

ஆக, அந்த வலைக்குள் இருப்பவை அந்த வட்டாரத்திலிருந்து அழிந்துபோனவை. அங்கே பிறந்த குட்டிகளும் காட்சிக்கு மட்டும் அல்ல. 2013-இல் சாம்பல் அணிலே இல்லாத டிரெஸ்கோ தீவுக்கு அந்த மையத்துச் செவ்வணில்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் விட்டார்கள். வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி தீவில் 1998 முதல் சாம்பல் அணில்களைப் பிடித்து ஒழித்த பிறகு, வளர்ப்பில் பிறந்த செவ்வணில்களைத் திறந்துவிட்டார்கள். இன்று அந்தத் தீவில் மறுபடியும் அவற்றின் ராஜ்யம்.

நம் வரியணிலுக்கு இப்படி ஒரு கேடும் வரவில்லை. ஆச்சியின் மெத்தைதான் சாட்சி. அணில் அடைப்பு வேண்டாம். மற்றவற்றுக்குப் பூங்கா என்றால் நான் கானாடுகாத்தான் பக்கம்.

கொள்ளுக்குடிப்பட்டிக்காரன்:

நான் எந்தப் பக்கமும் இல்லை, கூண்டுக்கே எதிரி. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாயும் சேர்ந்த வேட்டங்குடி சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. நத்தை குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் தாமாக வருகின்றன, கூடு கட்டுகின்றன, தாமாகப் போகின்றன. அவற்றுக்காகத் தீபாவளிக்கு நாங்கள் வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் அழுதாலும் மத்தாப்போடு சரி. இதற்கு வலையும் வேண்டாம், காவலாளியும் வேண்டாம். ஊர் சம்மதித்தால் போதும்.

அணில்தான் வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்குப் போங்கள். சாம்பல் நிற மலை அணிலுக்கென்றே 1988-இல் சரணாலயம் அறிவித்த இடம் அது. மரத்தின் உச்சியில் கூடு கட்டி, கிளைக்குக் கிளை தாவும். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். சில நாள் கண்ணில் படாமலும் போகும். காட்டு உயிரைப் பார்ப்பது என்றால் அதுதான். விரலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து உட்காருவதைக் காட்டு உயிர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கானாடுகாத்தான்:

பறவை மரத்தில் உட்காருகிறது, ஊரே பார்க்கிறது. அதனால் ஊர் சம்மதித்தது. முள்ளெலிக்கு யார் சம்மதிப்பது? இங்கிலாந்தில் பார்த்தது வேறு இனம்; நம் முள்ளெலி தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத உயிர். நம் பக்கத்துச் செம்மண் தேரியிலும் பொட்டலிலும் இரவில் பூச்சி தேடி அலைகிறது. தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கக்குவான் இருமலுக்கு அதன் தோலை உரசிக் கொடுக்கும் வழக்கம் தென் மாவட்டங்களில் உண்டு. மருந்தாக மட்டும் அதை அறிந்தவர்களுக்கு உயிராக யார் காட்டுவது? நீங்கள் சொல்கிற ஊர்க் கட்டுப்பாடு, கண்ணுக்குத் தெரிகிற உயிர்களுக்கு மட்டும்தானா அண்ணன்?

இன்னொன்று. திருச்சியில் காவிரிக் கரையில் பறவைகள் பூங்கா திறந்தார்கள். கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் பிள்ளைகள் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுவது வெளிநாட்டுக் கிளிகளை. காசு கொட்டத்தான் போகிறோம் என்றால் நம் ஊர் உயிருக்குக் கொட்டுவோமே.

ஊருணிக்கரை:

காசைக் கொட்டுவது இருக்கட்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 38எச் பிரிவு என்று ஒன்று உண்டு. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் யாரும் பூங்கா நடத்த முடியாது. 38ஜே பிரிவின்படி பார்வையாளர்கள் விலங்கைச் சீண்டுவதும், தீனி போடுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும் குற்றம். இப்போது மனக்கண்ணில் பாருங்கள்: பங்குனித் திருவிழா முடிந்து மூன்று வேன் கூட்டம் அந்த அணில் அடைப்புக்குள் முறுக்குப் பொட்டலத்தோடு நுழைகிறது.

என் சின்ன வயதில் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் தனியார் தோட்டத்துக்குள் மான் வளர்த்தார்கள். தொட்டியில் தண்ணீருக்குப் பதில் பாசி. வேலிக் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை எந்நேரமும் சிக்கிக் கிடக்கும். மானின் விலா எலும்பை எண்ணலாம். திறப்பு விழாவுக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு பேர் சித்திரை வெயிலில் தண்ணீர் மாற்ற வந்திருந்தால் அவை பிழைத்திருக்கும். நம்மிடம் ஆரம்பிக்க ஆள் உண்டு, பராமரிக்க ஆள் கிடையாது.

தேவகோட்டை மாட்டு டாக்டர் (ஓய்வு):

ஊருணிக்கரை சொல்வது பராமரிப்புக் குறை. அதற்காகத்தான் அங்கீகாரம், மருத்துவர், பதிவேடு எல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. மோசமாக நடத்தப்பட்ட ஒரு மான் தோட்டத்தை வைத்துக் கருத்தையே குழி தோண்டிப் புதைக்கலாமா?

இரவு உலாவிகளுக்குப் பகலை இருட்டாக்கி, மங்கிய விளக்கில் காட்டுகிற கட்டடங்கள் உலகில் பல பூங்காக்களில் உண்டு. இரவெல்லாம் வெளிச்சம், பகலெல்லாம் இருட்டு. விலங்கு பார்வையாளர் நேரத்தில் விழித்திருக்கும். கல்லடி பட்டும் வண்டியில் அடிபட்டும் மீட்கப்பட்டு, திரும்பக் காட்டுக்குப் போக முடியாதவற்றை மட்டும் வைத்தால் போதும். ஒன்றையும் புதிதாகப் பிடிக்க வேண்டாம்.

கொள்ளுக்குடிப்பட்டிக்காரன்:

டாக்டர் ஐயா, மீட்ட விலங்கு போதவில்லை என்றால் அடுத்த வருடம் "மீட்பதற்கு" ஆள் கிளம்புவான். தேவாங்குக்குக் கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர்க் காட்டில் 11,806 ஹெக்டேரைச் சரணாலயமாக 2022-இல் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பால் ஒரு தேவாங்கும் கூண்டுக்குள் போகவில்லை. தேவாங்குக்கு வேண்டியது கிளையோடு கிளை கோத்த முட்புதர்க் காடு. அதை விட்டுவிட்டு மங்கிய விளக்கு எதற்கு?

இங்கிலாந்துக் கதையிலும் நீங்கள் கவனிக்க வேண்டியது ஹெலிகாப்டர் அல்ல. ஆங்கிள்சியில் முதல் வேலை என்ன? வந்தேறியைத் துரத்தியது. அணிலை விட்டது பிறகுதான். நம் பக்கத்துச் சாம்பல் அணில் சீமைக் கருவேலம். அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான், அதையும் நாம்தான் கொண்டுவந்து விட்டோம். கண்மாய் முழுக்க அது நிற்கும்போது, முள்ளெலியைப் பெருக்கி எங்கே கொண்டுபோய் விடுவீர்கள்?

கானாடுகாத்தான்:

சீமைக் கருவேலத்தை வெட்டுங்கள் என்று நாம் கத்தாத நாளில்லை. யாருக்காக வெட்ட வேண்டும் என்று தெரியாததால்தான் பாதியில் நின்றுபோகிறது. அந்த முகத்தை ஊருக்குக் காட்டவே பூங்கா கேட்கிறேன். அணில் அடைப்பை டாக்டர் சொன்னபடி எடுத்துவிடுகிறேன், ஆச்சிக்கும் சந்தோஷம். மற்றதில் பின்வாங்குவதாக இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி:

எனக்கு என்ன சந்தோஷம்? வற்றல் போனது போனதுதான்.

பூட்டிக் கிடக்கிற வீடுகளின் பின்கட்டுத் தோட்டங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கிணறு, நாவல் மரம், இலுப்பை, ஆள் நடமாட்டம் இல்லாத புதர். கீரியும் மரநாயும் உடும்பும் இப்போது அங்கேதான் குடியிருக்கின்றன. பங்காளிகள் பாகம் பிரித்ததும் முதலில் புல்டோசர் வருவது அந்தத் தோட்டத்துக்குத்தான். கானாடுகாத்தான் தம்பி, உங்கள் வீட்டுப் பின்கட்டு பத்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறதே, அதை என்ன செய்யப்போகிறீர்கள்? அதைச் சொல்லிவிட்டுப் பூங்காவைப் பற்றிப் பேசுங்கள்.