ஒவ்வொரு அச்சுப்பணிக்குப் பின்னும் பைத்தான் ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். லினக்ஸ் சர்வரில் ஒரு கோப்புறையைக் கவனித்து, அதில் வந்து சேரும் போஸ்ட்ஸ்கிரிப்ட் (அச்சுப்பக்கத்தை விவரிக்கும் மொழி) கோப்புகளை நெட்வொர்க் அச்சுப்பொறியின் 9100 போர்ட்டுக்கு நேரடியாக அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியுள்ளேன். முதல் கோப்பு முழுமையாக அச்சாகிறது. அடுத்ததை அனுப்பும்போது 'புரோக்கன் பைப்', எண் 32 என்ற பிழையுடன் ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது. லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி அதை மீண்டும் தொடங்கியதும் இன்னும் ஒரு கோப்பு அச்சாகி, மறுபடியும் அதே பிழை வருகிறது. அச்சுப்பொறியுடனான இணைப்பின் முனையான சாக்கெட்டைத் தொடக்கத்தில் ஒரே முறை திறந்து, எல்லாக் கோப்புகளுக்கும் அதையே பயன்படுத்துகிறேன்.

பதில்:
நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் காரணம். 9100 போர்ட்டில் அனுப்பப்படுவது வெறும் பைட்டுகளின் ஓட்டம் என்பதால், சிறிது நேரம் தரவு வராவிட்டால் பல அச்சுப்பொறிகள் பணி முடிந்ததாகக் கருதி இணைப்பைத் தம் பக்கத்தில் மூடிவிடுகின்றன. அதை அறியாமல் நீங்கள் எழுதும் முதல் துண்டை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் பிழையின்றி வாங்கிக்கொள்ளும். அச்சுப்பொறி அதை மறுத்த பிறகே அடுத்த முறை எழுதும்போது பிழை எண் 32 வரும். ஆகவே, ஒரே துண்டில் அடங்கும் சிறிய கோப்பு எந்தப் பிழையும் காட்டாமல் காணாமற்போகலாம். ஸ்கிரிப்ட் நிற்பதைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். பிழையைப் பைத்தானின் பிழை பிடிக்கும் அமைப்பான ட்ரை-எக்செப்ட்டுக்குள் மறைக்காமல், ஒவ்வொரு கோப்புக்கும் புதிய சாக்கெட்டைத் திறந்து, அனுப்பி முடித்ததும் மூடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஸ்கிரிப்ட் இப்போது நிற்பதில்லை. ஆனால் சில கோப்புகளில் கடைசிப் பக்கம் மட்டும் வருவதில்லை. பக்க நிலவரம் கேட்கும் பிஜேஎல் (அச்சுப்பணிகளைக் கட்டுப்படுத்தும் மொழி) கட்டளையைக் கோப்பின் முன்னால் சேர்த்திருக்கிறேன். அது காரணமாக இருக்குமா?

பதில்:
ஆம், பெரும்பாலும் அதுவே. அச்சுப்பொறி அனுப்பிய பதிலைப் படிக்காமல் சாக்கெட்டை மூடினால், லினக்ஸ் முறைப்படி விடைபெறாமல் இணைப்பை ரீசெட் செய்துவிடும்; அப்போது இன்னும் போய்ச்சேராத கடைசிப் பைட்டுகளும் வீணாகும். எல்லாப் பைட்டுகளையும் அனுப்பும் சென்ட்ஆல் அழைப்பு முடிந்ததும் நேராக மூடாமல், ஷட்டவுன் அழைப்பின் மூலம் எழுதும் பக்கத்தை மட்டும் மூடிவிட்டு, படிக்கும்போது எதுவுமே இல்லாத வெற்று விடை (b'') வரும்வரை, அதாவது அச்சுப்பொறி தன் பக்கத்தை மூடும்வரை, படித்துக்கொண்டே இருங்கள்; அதன் பிறகு முழுவதும் மூடலாம். காகிதம் தீர்ந்தால் இந்தக் காத்திருப்பு நீளும் என்பதால் டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) ஒன்றை அவசியம் வையுங்கள். ஆனால் டைம்அவுட் ஆனதுமே அதே கோப்பைத் தானாக மறுபடி அனுப்பாதீர்கள், இரண்டு பிரதிகள் வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
அவ்வாறே மாற்றினேன். இன்று அனுப்பிய எல்லாக் கோப்புகளும் கடைசிப் பக்கம் உட்பட வந்துள்ளன. டைம்அவுட் ஆகும் கோப்புகளைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தி, கையால் சரிபார்த்த பிறகே மீண்டும் அனுப்புகிறேன்.