இது யார் போன்னு முதல்ல கேளுங்க

கொரடாச்சேரி பக்கம், சுகாதாரப் பணியாளர்:

தொழுநோய் சிகிச்சைக்குப் போனைப் பயன்படுத்தினவங்க அனுபவத்தைச் சொல்லச் சொல்லியிருந்தீங்க. என் அனுபவம் நான் செஞ்ச தப்புலதான் ஆரம்பிக்குது.

2023 ஜனவரி 30-ல நிகுஷ்ட் 2.0 வந்துச்சு, தொழுநோயாளிங்க விவரத்தைப் பதியுற அரசாங்க இணையதளம். விவரமெல்லாம் அதுல ஏத்தணும். அப்ப நோட்டு போயிடுச்சான்னு கேக்காதீங்க, நோட்டும் இருக்கு. அந்த வருஷம் குறுவை நடவு சமயத்துல, 60 வயசு தாண்டின ஒரு விவசாயக் கூலி வந்தார். முதுகுல, தொடையில அஞ்சுக்கு மேல தேமல், தொட்டா உணர்ச்சியே இல்ல. 12 மாசம் கூட்டு மருந்து, மாசம் ஒரு மாத்திரை அட்டை. நம்பர் கேட்டேன், ஒண்ணு சொன்னார், எழுதிக்கிட்டேன்.

மூணாவது மாசம் அட்டை வாங்க ஆளைக் காணோம். நாள் தவறிடுமேன்னு பதறி, "தொழுநோய் மாத்திரை வாங்க வரலையே ஐயா"ன்னு வாட்ஸ்அப்புல அனுப்பிட்டேன். அது மகனோட போன். படிச்சது மருமக.

மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தார். "பாப்பா, உங்கிட்ட மட்டும்தானே சொன்னேன்"னார். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். வீட்ல தட்டு, டம்ளர் தனியாயிடுச்சு. படுக்கை மாட்டுக்கொட்டாய்க்குப் போயிடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போனேன். மாத்திரை ஆரம்பிச்சாச்சுன்னா பரவுறது சீக்கிரமே நின்னுடும், தட்டு டம்ளர்ல ஒண்ணும் ஒட்டாதுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு கோவப்படல. "எம் புள்ளைக்கு வருமாக்கா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. பயம்தான், வேற ஒண்ணுமில்ல. வீட்ல எல்லாரையும் பரிசோதிச்சு, தடுப்புக்கு ரிஃபாம்பிசின் ஒரே வேளை கொடுத்தோம். தட்டு பழைய இடத்துக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு.

இப்பல்லாம் நம்பரை எழுதுறதுக்கு முன்னாடியே "இது யார் போன்? யார் எடுப்பாங்க?"ன்னு கேட்டுடுறேன். நோய் பேரை எழுதுறதே இல்ல. "நாளைக்குக் காலையில பார்ப்போமா ஐயா"ன்னா அவருக்குப் புரியும்.

பட்டுக்கோட்டை, இயன்முறை சிகிச்சையாளர்:

நான் போட்டோவை ரொம்ப நம்பினவன். கால்ல ஆறாப்புண் உள்ள ஒரு அம்மா. பேத்தி ஞாயித்துக்கிழமை தோறும் உள்ளங்காலைப் படம் எடுத்து அனுப்பும். புண் சுருங்கிக்கிட்டே வந்துச்சு, எனக்கும் சந்தோஷம். ஒரு வாரம் படம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா செருப்பு இறுக்கமா இருக்குன்னு பாட்டி சொல்லுதுன்னு பேத்தி எழுதியிருந்தா. நேர்ல வரச் சொல்லி ரெண்டு காலையும் புறங்கையால தொட்டுப் பார்த்தா, ஒரு கால் மட்டும் கொதிக்குது. உள்ளே சீழ். வலி தெரியாத கால், அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? படத்துல சூடு தெரியாதுங்க. அதனால இப்ப படத்தோட, "புறங்கை வச்சுப் பார்த்தியா, ரெண்டு காலும் ஒரே சூடா?"ன்னு கேள்வியும் போகுது. பேத்திதான் பதில் சொல்லுவா.

போன் ஒரு விஷயத்துல கைகொடுத்துச்சு. கூட்டு மருந்துல ஒண்ணான க்ளோஃபாசிமின் சாப்பிட்டு முகம் கறுத்துப்போச்சுன்னு ஒரு பையன் மாத்திரையை நிறுத்திட்டான், காரணத்தை யார்கிட்டயும் சொல்லல. வீடியோவுல பேசினப்பதான் விஷயம் வெளியே வந்துச்சு. மருந்து முடிஞ்சா நிறம் மெல்ல மெல்லத் திரும்பும்னு சொன்னதும் மறுபடி ஆரம்பிச்சான்.

கும்பகோணம், குணமானவர்:

உங்க போனெல்லாம் சரி தம்பி, எங்க விரலைப் பத்தி யாராவது யோசிச்சீங்களா? எனக்கு வலது கையில பாதி விரல் மடங்கியே இருக்கும், தோல் வேர்க்காது, காய்ஞ்சு கிடக்கும். ரேஷன் கடை மெஷின்ல ரேகை விழாது. பின்னாடி வரிசை முழுக்க என் கையைத்தான் பார்க்கும். நோய் குணமாகி எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்த மெஷினுக்கு மட்டும் இன்னும் தெரியல. கண்ணைக் காட்டுற கருவி வந்தப்புறம் கொஞ்சம் நிம்மதி, அதுவும் வேலை செய்யுற நாள்ல.

தொடுதிரையும் அப்படித்தான், நாலு தடவை அழுத்தினா ஒரு தடவை கேக்கும். பேரன் மைக் படத்தைக் காட்டிக் கொடுத்தான். இதையும் பேசித்தான் எழுதுறேன். தப்பு இருந்தா என்னைக் கேக்காதீங்க, போனைக் கேளுங்க.