மிஸ்டேக், எரர், ஃபால்ட்: மன்னிப்பு மெயிலில் எது?

சொல்தேடி: வாடிக்கையாளருக்கு ஒரே பில் இரண்டு முறை போய்விட்டது. மெயிலில் மிஸ்டேக், எரர், ஃபால்ட் மூன்றில் எதை எழுதுவது? தமிழில் எல்லாமே தப்புதான். 'டிட் எ மிஸ்டேக்' ஏன் கூடாது என்பதும் தெரியவேண்டும்.

இலக்கணப்பித்தர்: கடைசிக் கேள்வி முதலில். 'தப்பு செய்தேன்' என்பதிலுள்ள 'செய்' அப்படியே 'டூ' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது 'மேக் எ மிஸ்டேக்'. எரருக்கும் மேக் பொருந்தும். விறைப்பான எழுத்தில் கமிட் வரும். ஃபால்ட்டுக்கு இரண்டுமே ஒட்டாது. இந்த இடத்தில் அது செயலைச் சொல்லும் சொல்லே அல்ல, பழி யார்மேல் என்பதைச் சொல்வது. 'என் தப்புதான்' என்பதை 'நான்தான் பொறுப்பு' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் நின்றால் 'இட்ஸ் மை ஃபால்ட்'.

உங்கள் மெயிலுக்கு: 'த இன்வாய்ஸ் வாஸ் சென்ட் ட்வைஸ் இன் எரர். ப்ளீஸ் இக்னோர் த செகண்ட் காப்பி.' 'பை மிஸ்டேக்' என்றாலும் சரி, கொஞ்சம் பேச்சுவாடை அடிக்கும். இரண்டையும் கலந்து 'பை எரர்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

டெஸ்டிங் மேசை: மென்பொருள் சோதனைக்குப் போனால் கணக்கே வேறு. மென்பொருள் சோதனையாளர்களுக்குச் சான்றிதழ் தரும் சர்வதேச அமைப்பான ஐஎஸ்டிக்யூபியின் சொல்தொகுதிப்படி மனிதர் செய்வது எரர். அதனால் புரோகிராம் கோடில் உட்கார்ந்துவிடுவது டிஃபெக்ட். ஃபால்ட், பக் என்பதும் அதையே. ஓடும்போது வெளியே தெரிவது ஃபெயிலியர். '18 வயதும் அதற்கு மேலும்' என்பதை '18க்கு மேல்' என்று புரிந்துகொண்டது எரர். கோடில் நிற்கும் தவறான ஒப்பீட்டுக் குறி டிஃபெக்ட். சரியாக 18 வயதுள்ளவரின் படிவத்தைத் தள்ளிவிடுவது ஃபெயிலியர். அந்த வயதில் ஒருவர் வரும்வரை டிஃபெக்ட் சத்தமில்லாமல் கிடக்கும். அதனால்தான் 17, 18, 19 மூன்றையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறோம். பக் ரிப்போர்ட்டில் கண்ணால் பார்த்த ஃபெயிலியரை எழுதுங்கள். காரணத்தை ஊகித்து எழுதினால் டெவலப்பர் வேறெங்கோ தேடுவார்.

சொல்தேடி: நன்றி. அட்டாச்மென்ட் விட்டுப்போனால்?

இலக்கணப்பித்தர்: அது ஓவர்சைட். 'ட்யூ டு அன் ஓவர்சைட்' என்று எழுதுங்கள். அந்த 'அன்' முக்கியம். அது இல்லாமல் வரும் ஓவர்சைட் பெரும்பாலும் மேற்பார்வையைக் குறிக்கும், ஓவர்சைட் கமிட்டி என்பதுபோல. ப்ளண்டர் இங்கே வேண்டாம், பெரிய சொதப்பலுக்கு உரியது அது. செஸ் குறிப்பில் சாதாரணப் பிழைக்கு ஒரு கேள்விக்குறி, ப்ளண்டருக்கு இரண்டு.