புதுப்பிப்பு: உரிந்துபோன பூச்சுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

உடலுக்குள் பொருத்தும் உள்வைப்புகளுக்கான டைட்டானியத் துண்டுகளில் பிளாஸ்மாவால் (மிகச் சூடான அயனி வாயுத் தாரையால்) உருக்கித் தெளித்த ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் இருப்பது போன்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம்) பூச்சு இழுவைச் சோதனையில் கழன்று வந்ததையும், தெளிப்பு சக்தியைக் கூட்ட வேண்டும் என்று நினைப்பதையும் முன்பு எழுதியிருந்தேன். அந்த முடிவு தவறு. என்னை நம்பி யாராவது கூட்டியிருந்தால் தயவுசெய்து குறைத்துவிடுங்கள். சூடு மிஞ்சினால் அபடைட் சிதைந்து, படிக அமைப்பில்லாத பகுதி அதிகமாகிறது. அது உடல் திரவத்தில் சீக்கிரம் கரையும்.

கழன்ற இடத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். உலோகப் பக்கம் கிட்டத்தட்ட வழவழப்பு. அலுமினா துகள் அடித்துச் சொரசொரப்பாக்கியது போதவே இல்லை. உருகித் தட்டையாக விழும் துளிகளுக்குப் பிடிமானமே அந்த மேடுபள்ளம்தான்.

அப்புறம் தடிமன். 200 மைக்ரான் வைத்திருந்தேன். குளிரும்போது அபடைட் டைட்டானியத்தைவிட அதிகம் சுருங்கும். தடிமன் ஏற ஏற அந்த இழுவிசை பூச்சை உரிக்கப் பார்க்கும்.

சரி, இப்போது நன்றாகச் சொரசொரப்பாக்கி, உடனே தெளித்து, 60 மைக்ரானில் நிறுத்தினேன். இந்த வகைப் பூச்சுகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 13779-2 கேட்கும் 15 மெகாபாஸ்கல் ஒட்டுவலிமையை எல்லாத் துண்டுகளும் தாண்டின. அடுத்து எக்ஸ்ரே விளிம்பு விளைவு (XRD) சோதனையில் படிகத்தன்மையை அளக்கப் போகிறேன்.