புயல், வெள்ள நிவாரண முகாம்ல கூட்டத்த சமாளிச்ச அனுபவம் இருந்தா எழுதுங்க

உப்பளத்தான்:
கஜா புயல் கரையக் கடந்த அன்னிக்கு ராத்திரி, 2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கம் ஒரு ஸ்கூல்ல இருந்தோம். மரம் விழுந்து ரோடே இல்ல, இருட்டுனப்புறம்தான் அரிசி வந்துச்சு. வார்டு ஆளு ஒருத்தரு தெரு வாரியா எழுதுன நோட்ட கைல திணிச்சு, தம்பி சத்தமா படின்னுட்டாரு. பாதில ஒரு அக்கா வந்து நோட்டு மேல டார்ச் அடிச்சு "எங்க தெரு எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டு"ன்னாங்க. கடைசிப் பக்கம். "சுனாமிக்கும் கடைசிலதான் நின்னோம்"னாங்க, கத்தல, சண்டைக்கும் வரல. நான் பின்பக்கத்துலேந்து படிக்க ஆரம்பிச்சேன். அதுக்கு, வரிசைல முன்னாடி நின்னவங்க விட்ட வார்த்தை இருக்கே... இன்னிக்கும் டீக்கடைல பார்த்தா மூஞ்சத் திருப்பிக்குவாங்க.

சைதை வாசி:
பேர் படிக்கிறதே வேஸ்ட்டுங்க, டோக்கன் குடுத்தா டோக்கனுக்கு சண்டை. 2015 டிசம்பர்ல அடையாறு ஏறுனப்போ பொட்டலம் மலை மாதிரி வந்து ஊசிப்போச்சு, அண்டா வெச்சு சமைச்சப்புறம்தான் தள்ளுமுள்ளு நின்னுச்சு. ஆனா எனக்கு மறக்காதது வேற. ஒரு பொண்ணு சாமான் குடுக்குற டேபிள் கிட்ட வரும், நிக்கும், ஒரு பிரட்ட எடுத்துட்டுப் போகும். திரும்ப வரும். உக்காந்திருந்தது பூரா ஆம்பளைங்க. தனியா கூப்ட்டுக் கேட்டா, நாப்கின். யாரும் சொல்லாமலே நான் போய் அந்த டேபிள்ல உக்காந்துட்டேன்.

தாமிரபரணிக்காரன்:
அக்கா, சுத்தி தண்ணி நின்னா சிலிண்டருக்கு எங்க போக? 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை, நாங்க இருந்த மண்டபத்துக்கு மறுநாள் வர ஒரு ஈ காக்கா வரல. நான் கதவுகிட்ட நின்னு ஆள் எண்ணுனேன், அவ்ளோதான் என் கதை. ஆனா இனிமே செய்யப்போறவங்க கேட்டுக்கோங்க, மொத வேலையா சுகர் மாத்திர, இன்சுலின் போடுறவங்க, மாசமா இருக்கவங்க யாருன்னு எழுதுங்க, சோறு அப்புறம். குடிதண்ணி பக்கத்துல ஒரு ஆளப் போடுங்க, இல்லன்னா கால் கழுவிருவாவ. கக்கூஸ் போற வழில ராத்திரி லைட் எரியணும், பொம்பளைங்க ரெண்டு ரெண்டு பேரா போகணும். எது வந்துச்சு எது தீந்துச்சுன்னு கரும்பலகைல எழுதிப் போடுங்க, பாதிப் பேச்சு அடங்கிரும். ஸ்டோர் ரூமுக்கு ரெண்டு பூட்டு, சாவி ஆளுக்கு ஒண்ணு. ஃபோட்டோ எடுத்துட்டு பிஸ்கட் குடுக்குற கூட்டத்த வாசல்லயே நிறுத்துங்க.

உப்பளத்தான்:
அண்ணே அட்வைஸ் யாரு கேட்டா? சாவி ரெண்டு பேர்ட்டயா, எங்கூர்ல அந்த ரெண்டு பேரும் மாமன் மச்சானாத்தான் இருப்பாங்க.