மறு: ‘ஓய்வு நிறை’, ‘நீளச் சுருக்கம்’ – மாற்றுச் சொல் உண்டா?

> சார்பியல் சொல்லடைவில் ‘ரெஸ்ட் மாஸ்’ = ஓய்வு நிறை, ‘ரிலேட்டிவிஸ்டிக் மாஸ்’ = சார்பியல் நிறை என்று போட்டிருக்கிறேன். “ஒளிவேகத்தை நெருங்கும்போது பொருளின் நிறை கூடும், பருமன் சுருங்கும்” என்ற வரி சரிதானே?

ஐயா, வணக்கம். வரியின் இரண்டு பாதியுமே இடறுகின்றன. சொல்லுக்குப் போகுமுன் பொருளைப் பார்த்துவிடலாம்.

நிறை கூடுகிறது என்பது ஒரு பழைய கணக்கு வசதி. உந்தத்தை நிறை × திசைவேகம் என்றே எழுத ஆசைப்பட்டு, லோரன்ஸ் காரணியை (ஓய்வில் 1, ஒளிவேகத்தை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும் எண்) நிறையின் தலையில் கட்டினார்கள். கட்டியும் நியூட்டனின் ‘விசை = நிறை × முடுக்கம்’ திரும்பக் கிடைக்கவில்லை. ஓடும் திசையிலேயே தள்ளினால் காரணியின் மும்மடி வருகிறது, பக்கவாட்டில் தள்ளினால் ஒரு மடிதான். இதனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெடுக்கு நிறை, குறுக்கு நிறை என்று ஒரே எலக்ட்ரானுக்கு இரண்டு நிறைகள் புழங்கின! ஐன்ஸ்டைனின் 1905 சார்பியல் கட்டுரையிலும் அவை உண்டு. அவரே 1948இல் எழுதிய ஒரு கடிதத்தில், நகரும் பொருளின் நிறை என்ற கருத்துக்குத் தெளிவான வரையறை தர முடியாது, அதற்குப் பதில் உந்தத்தையும் ஆற்றலையும் சொல்வதே மேல் என்றார்.

இன்றைய துகள் இயற்பியலர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். செர்ன் ஆய்வகத்தில் துகள்களை முடுக்கி மோதவிடும் பெரிய ஹாட்ரான் மோதுவியில் ஒரு புரோட்டானின் ஆற்றல் 6.8 டெரா எலக்ட்ரான் வோல்ட் வரை போகிறது. லோரன்ஸ் காரணி ஏறத்தாழ 7250. ஆனால் அட்டவணையில் புரோட்டானின் நிறை ஒன்றுதான். “7250 மடங்கு கனத்த புரோட்டான்” என்று எழுதிவிட்டால், இன்னும் வேகம் கூட்டினால் அது கருந்துளை ஆகுமா என்று வகுப்பில் நிச்சயம் ஒருவர் கேட்பார். ஆகாது. கூடவே அதே வேகத்தில் ஓடுபவருக்கு அது சாதாரணப் புரோட்டான். ஒருவருக்குக் கருந்துளை, இன்னொருவருக்கு இல்லை என்று இருக்க முடியாதல்லவா?

ஆகவே ‘சார்பியல் நிறை’யை வரலாற்றுக் குறிப்பில் மட்டும் வைத்துக்கொள்வோம். ‘ஓய்வு நிறை’யிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘ஓய்வு’ என்ற அடையே, ஓடும்போது வேறொன்று உண்டு என்று சொல்லாமல் சொல்கிறது. 2012இல் ஹிக்ஸ் போசான் என்ற துகள் வெளிப்பட்ட வழிகளில் ஒன்று இரண்டு ஒளித்துகள்களைச் சேர்த்துக் கணக்கிட்ட நிறை, 125 கிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே (துகள்களின் நிறையையும் ஆற்றல் அலகிலேயே சொல்வது வழக்கம்). ஒளித்துகள் எங்கே ஓய்ந்தது? தனித்தனியே நிறையற்ற இரண்டும் சேர்ந்தால் நிறை உண்டு என்பதைச் சொல்ல, யார் அளந்தாலும் மாறாதது என்ற பொருளில் ‘மாறா நிறை’ பொருந்தும். மற்ற இடங்களில் அடையே வேண்டாம். நிறை என்றால் நிறைதான்.

> இலங்கைப் பாடநூல்களில் திணிவு என்பதுதான் உங்கள் நிறை. எங்கள் நிறை உங்கள் எடை. ‘மாறா நிறை’ என்று போட்டால் இங்கத்தைய பிள்ளைகள் நிலவுக்குப் போனாலும் எடை மாறாது என்று விளங்கிக்கொள்வார்கள்.

உண்மை அம்மா. முதல் இடத்தில் ‘மாறா நிறை (இலங்கை வழக்கு: மாறாத் திணிவு)’ என்று இரண்டையும் தருவோம். ஒன்றாக்கப் போனால் இன்னும் பத்தாண்டு பேசிக்கொண்டே இருப்போம்.

அடுத்து, பருமன். எல்லாப் பக்கமும் சிறுப்பதில்லை. ஓடும் திசையில் மட்டும். ஒளிவேகத்தில் 60 விழுக்காட்டில் போகும் 100 மீட்டர் விண்கலம் நமக்கு 80 மீட்டர், அகலம் அப்படியே. உள்ளே இருப்பவருக்கு எதுவும் நெருக்காது. நீளம் அளப்பதென்றால் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் குறிக்க வேண்டும். எது ஒரே நேரம் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போவதில்லை, அவ்வளவுதான்.

‘சுருக்கம்’ என்றதும் ஏதோ பிழிந்து கசக்கியது போலிருக்கிறது. ‘நீளக் குறுக்கம்’ எப்படி? ஐகாரக் குறுக்கம் நமக்குப் பழகியது. ‘ஐ’ தனியே 2 மாத்திரை. ‘வலை’யின் ஈற்றில் 1. எழுத்து அதேதான், அது நிற்கும் இடத்தால் அளவு மாறுகிறது.

இன்னொன்று, அளப்பது வேறு, காண்பது வேறு. ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் ஈய அணுக்கருவை அப்பளமாக வரைகிறார்களே, அது அளவின் படம், ஒளிப்படம் அல்ல. பொருளின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வெவ்வேறு நேரங்களில் கிளம்பிய ஒளிதான் கேமராவில் ஒன்றாகச் சேர்கிறது. ஓடும் கோளத்தின் விளிம்பு வட்டமாகவே தெரியும் என்று இயற்பியலர் பென்ரோஸ் 1959இல் காட்டினார். தொலைவில் ஓடும் பொருள் தட்டையாகத் தெரியாது, திரும்பி நிற்பது போலத் தெரியும் என்று அதே ஆண்டு இன்னொரு இயற்பியலர் டெரல் காட்டினார். இதற்குத் ‘தோற்றத் திருப்பம்’ என்கிறேன். ‘சுழற்சி’ வேண்டாம், பம்பரம் போலச் சுற்றுவதாக நினைப்பார்கள்.

—

ஐயா, மாறாத் திணிவையும் சேர்த்ததற்கு நன்றி. தோற்றத் திருப்பம் எனக்குச் சரி. குறுக்கத்தில் ஒரு சிக்கல்: நீங்களே மேலே ‘குறுக்கு நிறை’ என்று பக்கவாட்டுக்கு எழுதியிருக்கிறீர்கள். நீளக் குறுக்கத்தைக் குறுக்குவாட்டில் நடப்பது என்று பிள்ளைகள் எடுத்தால்? ‘நீளக் குறுகல்’ என்றால் அந்த மயக்கம் வராது.

—

அம்மா, ஐகாரக் குறுக்கத்தை விட மனமில்லை. ஆனாலும் நீங்கள் சொல்வதே சரி. சொல்லடைவில் ‘நீளக் குறுகல்’ என்று திருத்திவிட்டேன். ‘நீளச் சுருக்கம்’ பாடநூலில் ஊறிவிட்டதால் அடைப்புக்குள் கிடக்கட்டும். ‘பருமன்’ இருந்த வரியை எடுத்துவிட்டேன்.